சாரற் காலத்துக்கு முன் இரும்பைப் பேணுதல்: உழவு இயந்திரங்களுக்கு மணல் வீச்சும் புது வர்ணமும்

குற்றாலத்துச் சாரலைத் தென்காசி வட்டாரத்து உழவர்கள் ஆண்டுதோறும் ஆவலுடன் எதிர்பார்ப்பர். ஆனி மாதத்தில் மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து செங்கோட்டை, தென்காசி, இலஞ்சி, மேலகரம் ஆகிய ஊர்களின்மீது மெல்லிய தூறலைத் தூவும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் பெருகும். சிற்றாறு ஓடத் தொடங்கும். கார் நெல்லுக்கு வயல்கள் ஆயத்தமாகும். பயிருக்கு இத்துணை நன்மை செய்யும் அச்சாரலே, உழவர் வீட்டு முற்றத்தில் நிற்கும் டிராக்டருக்கும் கலப்பைக்கும் பெரும் பகையாக இருக்கின்றது.

பெருமழை ஒரு நாழிகை பெய்து ஓய்ந்தால், பின்வரும் வெயிலில் இரும்பு உலர்ந்துவிடும். சாரலோ நாட்கணக்கில் நின்று நின்று தூறும். வெயில் முகங்காட்டுவதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். ஆவணி வரையில் இரும்பின்மேல் ஈரம் முற்றும் உலர்வதே அரிது. அதன்பின் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடரும். இவ்விரு மழையையும் பெறும் இம்மாவட்டத்தில், வர்ணம் சிறிதே பெயர்ந்த இடத்தில் தொடங்கும் துரு இரண்டு மூன்று ஆண்டுகளில் தகட்டைத் துளைத்துவிடுவதைக் காணலாம். இதனைத் தடுக்கும் வழிகளுள் சிறந்தது மணல் வீச்சு. ஆயினும், அம்முறையைத் தக்க மணல்கொண்டு செய்யாவிடின், இயந்திரம் பிழைக்கும். வேலை செய்த மனிதன் பிழைக்க மாட்டான். ஆதலின் இதனை உழவர் ஒவ்வொருவரும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

துரு பிறக்கும் விதம்

இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடுமிடத்தில் துரு பிறக்கும். மழையில் நனைந்தால்தான் துரு ஏறும் என்பதில்லை. காற்றிலுள்ள ஈரம் 100-க்கு 60 என்னும் அளவைக் கடந்தாலே வெறும் இரும்பு மெல்லத் துருவேறத் தொடங்கும். உப்புச் சத்துப் படிந்திருந்தால் அதற்கும் குறைந்த ஈரமே போதும். பொட்டாஷ் உரத்திலும் அம்மோனியம் குளோரைடு உரத்திலும் உள்ள குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் நிறுத்தும் இயல்புடையது. உரமூட்டை ஏற்றிய டிரெய்லரைக் கழுவாமல் நிறுத்திவைப்போர், மற்றவரினும் முன்னதாக அதன் அடித்தகட்டை மாற்ற நேரிடுவதற்குக் காரணம் இதுவே.

துரு தான் உண்ட இரும்பைக்காட்டிலும் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால் வர்ணத்தின் அடியில் தோன்றிய துரு மேலுள்ள பூச்சை உப்பச் செய்து பெயர்த்தெறியும். பெயர்ந்த இடத்தின் வழியே மேலும் ஈரம் புகும். துருவின்மேலேயே ரெட் ஆக்சைடு ஒரு கையும், அதன்மேல் நிறவர்ணம் ஒரு கையும் பூசிவிட்டு, புது வண்டிபோல் இருக்கின்றது என்று மகிழ்வது வீண். புண்ணைச் சுத்தம் செய்யாமல் கட்டுப் போடுவது போன்றது அது. ஒரு சாரற் காலம் கழிவதற்குள் அப்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். வர்ணத்தின் ஆயுள், வர்ணத்தின் விலையைக்காட்டிலும் அதன் அடியில் உள்ள இரும்பின் தூய்மையையே பெரிதும் பொறுத்தது.

மணல் வீச்சு என்பது யாது?

அழுத்தப்பட்ட காற்றுடன் கூரிய மணிகளைக் கலந்து, ஒரு குழாயின் நுனியிலிருந்து இரும்பின்மேல் வேகமாய் வீசினால், துருவும் பழைய வர்ணமும் உதிர்ந்து வெண்சாம்பல் நிறமான தூய இரும்பு வெளிப்படும். பட்டறைகளில் இதனைச் சாண்ட் பிளாஸ்டிங் என்பர். அமெரிக்கரான பெஞ்சமின் டில்மன் என்பவர் 1870-ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பித் தூரிகை துருவின் மேற்பகுதியைத் தேய்த்து மெருகேற்றுமேயன்றி, குழிகளுக்குள் இருக்கும் துருவை எடுக்காது. வீசப்படும் மணிகளோ குழிகளுக்குள்ளும், மூலைமுடுக்குகளிலும், பற்றுவைத்த இணைப்புகளிலும் புகுந்து துருவை எடுத்துவிடும். அன்றியும் இரும்பின் மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கும். அச்சொரசொரப்பில் வர்ணம் வேரூன்றியதுபோற் பற்றிக்கொள்ளும். சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கங்களில் மேல்காற்றை எதிர்த்து நிற்கும் காற்றாலைகளைப் பலரும் கண்டிருப்பர். அத்தகைய எஃகுக் கம்பங்களை இவ்விதம் மணி வீசித் தூய்மை செய்த பின்னரே வர்ணம் பூசுவது தொழில் வழக்கம்.

இதற்கு வேண்டிய காற்று மிகுதி. கால் அங்குல வாயுடைய குழல், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் நிமிடந்தோறும் ஏறத்தாழ 80 கன அடிக் காற்றைச் செலவிடும். டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரெஸர் அதற்கு ஈடுகொடாது. ஆகவே இது வீட்டில் செய்துகொள்ளும் வேலையன்று. தக்க சாதனங்கள் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்விப்பதே முறை.

எந்த மணல் ஆகும்? எந்த மணல் ஆகாது?

இக்கட்டுரையின் தலையாய செய்தி இது. ஆற்று மணல், ஓடை மணல், கல்லுடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஆகிய எதனையும் இவ்வேலைக்கு உபயோகித்தல் கூடாது.

ஆற்று மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கல். குவார்ட்ஸ் முழுவதும் படிக உருவான சிலிக்காவே. எம்-சாண்டிலும் இச்சிலிக்கா கலந்துள்ளது. அம்மணல் வேகமாய் இரும்பில் மோதும்போது தூள்தூளாக உடையும். கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியுடன் வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலும் சிறிய தூளே கொடியது. அது நுரையீரலின் நுண்ணறைகள் வரையிற் சென்று தங்கும். உடல் அதனைக் கரைக்கவும் இயலாது, வெளியேற்றவும் இயலாது. தங்கிய இடமெல்லாம் தழும்பு கட்டி, நுரையீரல் சிறிது சிறிதாகக் கெட்டியாகும். இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த நோயை மாற்றும் மருந்து இன்றளவும் இல்லை. கல் உடைக்கும் தொழிலில் இந்நோய் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் செல்லக்கூடும். மணல் வீச்சில் தூசி மிகுதியாதலால், சில ஆண்டுகளிலும், கொடிய நிலையில் சில மாதங்களிலுமே மூச்சுத் திணறல் தோன்றுவதுண்டு. நோயுற்ற நுரையீரலில் காசநோய் எளிதில் புகும். படிக சிலிக்காத் தூசி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பதையும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது.

இவ்வாபத்து நெடுங்காலமாக அறியப்பட்டதே. பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டு விதிகள், வார்ப்புகள் முதலியவற்றை வீச்சினால் சுத்தம் செய்வதற்கு மணலை உபயோகிக்கலாகாதென்று விலக்கின. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை, கண்டவுடன் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே வைத்துள்ளது. துருக்கி நாட்டில், நீலக் காற்சட்டைத் துணியை மங்கச் செய்வதற்காகச் சிறு பட்டறைகளில் மணல் வீசிய இளைஞர் பலர் சில ஆண்டுகளிலேயே இந்நோய்க்கு இரையாயினர். அந்நாட்டரசாங்கம் 2009-ஆம் ஆண்டில் அவ்வேலையையே தடை செய்தது. துணி வெளுப்பதற்கு வீசினாலும், டிராக்டர்ச் சக்கரத்தைத் துலக்குவதற்கு வீசினாலும், தூசி ஒன்றே. அது செய்யும் தீங்கும் ஒன்றே.

சட்டம் பெரிய தொழிற்சாலைகளை எட்டுகின்றது. சாலையோரத்தில் இரண்டு மூன்று ஆட்களைக்கொண்டு நடக்கும் கொட்டகையை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே வாயிலும் மூக்கிலும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு குழலைப் பிடிக்கும் பையனுக்குப் பாதுகாப்பாக இருக்கக்கூடியவர், வேலையைக் கொடுக்கும் உழவரே. துண்டு பெரிய புழுதியை மட்டும் தடுக்கும். கொல்லும் தூளைத் தடுக்காது.

தென்கடற்கரையின் செம்மணி

இவ்வேலைக்கு உகந்த மணியொன்று தமிழ்நாட்டின் தென்கடற்கரையிலேயே கிடைக்கின்றது. கார்னெட் எனப்படும் அது, கோமேதகத்தின் இனத்தைச் சேர்ந்த செந்நிறக் கனிமம். கடினமும் கனமும் உடையது; எளிதில் பொடியாவதில்லை; நன்கு பிரித்தெடுத்த கார்னெட்டில் தனிச் சிலிக்கா நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவு. உலகின் பல துறைமுகங்களிலும் கப்பல்களைத் துலக்குவதற்கு இம்மணியையே பயன்படுத்துகின்றனர். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அவ்வூரில் ஐ.ஆர்.இ.எல். என்னும் அரசாங்க நிறுவனம் கார்னெட் உட்பட்ட கனிமங்களைப் பிரித்தெடுக்கின்றது. தனியார் கடற்கரைக் கனிமங்களை அகழ்வதை மாநில அரசாங்கம் 2013-ஆம் ஆண்டில் நிறுத்தியது. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கமும் அவற்றை அரசாங்க நிறுவனங்களுக்கே உரியனவாக்கியது. ஆதலின் ரசீதுடன் விற்கப்படும் கார்னெட்டையே வாங்குதல் வேண்டும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூறத்தக்கன. கடற்கரை மணலை அப்படியே அள்ளிவந்து வீசுதல் கூடாது. அதில் குவார்ட்ஸும் உப்பும் மிகுதி. மணவாளக்குறிச்சி போன்ற இடங்களில் கதிரியக்கமுடைய மோனசைட்டும் கலந்திருக்கும். சிவந்த மணலெல்லாம் கார்னெட் என எண்ணுதலும் தவறு. தேரிக்காட்டுச் செம்மணல், இரும்புத் துருப் படிந்து சிவந்த குவார்ட்ஸ் மணலே. ஐயம் எழுந்தால், ஒரே படியால் ஆற்று மணலையும் கார்னெட் என்று கொடுக்கப்பட்டதையும் உலரவைத்து அளந்து நிறுத்துப் பார்க்கலாம். கார்னெட்டாயின், அது ஆற்று மணலைப்போல் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு எடையிருக்கும். இரண்டும் சமமாக நிறுத்தால் அது கார்னெட் அன்று.

கார்னெட் ஆயினும் தூசி தூசியே. துருவும் பழைய வர்ணமும் அதில் கலந்து பறக்கும். குழல் பிடிப்பவருக்கு, வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழியே செலுத்தும் தலைக்கவசம் இன்றியமையாதது. காகித முகமூடி இதற்குப் போதாது. வேலை மூடிய அறையில் நடைபெறுதல் நன்று. பிறரும் சிறுவரும் அணுகலாகாது. வேலை உடையுடன் வீடு திரும்பினால் தூசியும் உடன் வரும். முன்பு ஆற்று மணலில் வேலை செய்து, இப்போது இருமலும் இளைப்பும் உடையவர்கள், மருத்துவரிடம் தாம் செய்த தொழிலைத் தவறாது கூறுதல் வேண்டும். கூறாவிடின் காசநோய் ஒன்றையே கருதிச் சிகிச்சை நடப்பதும், நோயாளி மீண்டும் அதே கொட்டகைக்கே திரும்புவதும் நேரும்.

வீசத் தக்கவையும் தகாதவையும்

டிராக்டரின் சக்கர ரிம், டிரெய்லரின் சட்டம், சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை ஆகியவற்றின் சட்டங்கள், சேற்றுழவுக்குப் பூட்டும் கேஜ் வீல் முதலிய கனத்த பாகங்களுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. இவற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு வரை அழுத்தம் வைக்கலாம்.

பானெட்டு, மட்கார்டு போன்ற மெல்லிய தகடுகளுக்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மணிகள் ஓயாது மோதுவதால் தகட்டின் ஒரு முகம் மட்டும் விரியும், மறுமுகம் விரியாது. அதனால் தகடு புடைத்துக் கோணும். கோணிய தகட்டை நேராக்குவது அரிது. நுண்மணிகொண்டு, அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, குழலைச் சாய்த்துப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் வீசுதல் வேண்டும். அது இயலாத பட்டறையில் தகடுகளைக் கொடாதிருத்தலே நலம்.

இஞ்சின், கியர்ப்பெட்டி, ரேடியேட்டர், பேரிங்கு, ஆயில் சீல், கடைந்து மெருகிட்ட முகங்கள், மரைகள் ஆகியவற்றின் அருகே மணி செல்லலாகாது. உள்ளே புகுந்த ஒரு சிட்டிகை மணி, இஞ்சினை ஒரே பருவத்தில் தேய்த்துவிடும். பாகங்களைக் கழற்றிக் கொடுப்பதே உத்தமம். கழற்ற இயலாதவற்றின் துளைகளை நன்கு அடைத்தல் வேண்டும். மண்ணைக் கிழிக்கும் கொழுவுக்கும் சட்டிக்கும் வர்ணம் வேண்டுவதில்லை. உழவு முடிந்ததும் கழுவி உலர்த்தி, கிரீஸ் தடவி வைத்தாற் போதும்.

தக்க காலமும் வர்ணப் பூச்சும்

பிசான அறுவடை முடிந்து, கார் உழவு தொடங்கும் வரையில், மாசி முதல் சித்திரை வரையிலான நாட்கள் இதற்கு மிக்க உகந்தவை. அப்போது கருவிகளுக்கு ஓய்வு, காற்றும் உலர்ந்திருக்கும். சாரல் தொடங்கிய பின்னர் பட்டறையை நாடுவோர் பயன் பெறுவது அரிது. ஏனெனில் வீச்சினால் வெளிப்பட்ட தூய இரும்பு மிக விரைவில் துருவேறும் இயல்புடையது. ஈரக் காற்றில் ஓரிரு மணி நேரத்திலேயே அதன்மேல் இளமஞ்சள் படரும்.

வேலையின் வரிசை பின்வருமாறு அமைதல் வேண்டும். முதலில் எண்ணெய்ப் பசையையும் உரத்தின் உப்பையும் சோப்புநீரிட்டுக் கழுவி உலர்த்துக. கழுவாமல் வீசினால் அவை இரும்புக்குள் அழுத்தப்பட்டு, பின்னர் வர்ணத்தைக் கொப்புளிக்கச் செய்யும். கம்ப்ரெஸரின் காற்றில் நீரோ எண்ணெயோ வாராதபடி வடிகட்டி இருத்தல் வேண்டும். வீசி முடிந்ததும் தூசியை உலர்ந்த காற்றினால் ஊதி நீக்குக. அதன்பின் வெறுங்கையால் தொடுதலும் ஆகாது. வியர்வையிலும் உப்பு உண்டு. நான்கு மணி நேரத்துக்குள், எவ்வாறாயினும் அன்று பொழுது சாய்வதற்குள், முதற்பூச்சை முடித்துவிடுக. துத்தநாக பாஸ்பேட் கலந்த எபாக்ஸி பிரைமர் நன்று. காற்றின் ஈரம் 100-க்கு 85-ஐக் கடந்த நாளிலும், பனி படியும் வேளையிலும் பூசுதல் கூடாது. விளிம்புகளிலும் பற்றுவைத்த கோடுகளிலும் வர்ணம் மெலிந்து நிற்குமாதலால், அங்கே தூரிகையால் முன்கூட்டி ஒரு கை பூசிவைப்பது நெடுநாள் பயன் தரும். முதற்பூச்சு உலர்ந்தபின் நிறவர்ணத்தை இரண்டு மெல்லிய பூச்சாக இடுதல், ஒரே தடித்த பூச்சைக்காட்டிலும் சிறந்தது.

பழைய வர்ணமும் கழிவும்

பழைய இயந்திரங்களின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். செந்தூரம் எனப்படும் ஈயச் சேர்க்கை முற்காலத்தில் இரும்புக்கு முதற்பூச்சாகப் பெரிதும் வழங்கியது. 2016-ஆம் ஆண்டு விதிகள் ஈயத்துக்கு வகுத்த வரம்பும் வீட்டு வர்ணங்களையும் அலங்கார வர்ணங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆதலின் வீசி உதிர்ந்த மணியையும் பொடியையும் வயலிலோ, வாய்க்காலிலோ, தொழுவத்தின் அருகிலோ கொட்டலாகாது. ஈயப் பொடி கலந்த மண்ணை நக்கும் மாடு நஞ்சுண்டு மடியும். தவழும் குழந்தைக்கும் அதனால் அறிவு மங்கும். கழிவைச் சாக்கில் கட்டி, முறையாக அகற்றும் பட்டறையையே நாடுதல் வேண்டும்.

சிறு கருவிகளுக்கு

மண்வெட்டி, அரிவாள், தெளிப்பான், பம்புசெட்டுத் தாங்கி முதலியவற்றுக்கு மணல் வீச்சு வேண்டா. தடித்த பொருக்கைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தாற் போதும். நனைத்துத் தேய்த்தால் தூசி எழாது. குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைக் கையுறை அணிந்து தடவி, புட்டியில் கண்ட முறைப்படி கழுவி உலர்த்தலாம். சிறு போல்ட்டு நட்டுகளின் மெல்லிய துரு, புளிக்கரைசலில் ஓரிரவு ஊறினால் இளகும். இவ்வெளிய முறைகளின் பூச்சு மணல் வீச்சுக்குப் பின் இட்ட பூச்சளவு நீடித்து நில்லாது. ஆயினும் ஆண்டுதோறும் செய்துவந்தால் சிறு கருவிகளுக்கு அதுவே போதுமானது.

உழவர் கேட்க வேண்டியவை

பட்டறையில் வண்டியை விடும் முன்னர், கூலி எவ்வளவு என்பதுடன் வேறு ஐந்து கேள்விகளும் கேட்கப்படல் வேண்டும். எந்த மணல் வீசுவீர்? குழல் பிடிப்பவருக்குக் காற்றுக் கவசம் உண்டா? மூடிய இடத்தில் வீசுவீரா? வீசிய அன்றே முதற்பூச்சு இடுவீரா? கழிவை எங்கே சேர்ப்பீர்? ஆற்று மணலுக்குக் கூலி குறைவு என்று விடை வருமாயின், அக்குறைந்த கூலியின் மிச்சத்தை யாரோ ஒருவருடைய மகன் தன் மூச்சினால் செலுத்துகின்றான் என்பதை நினைத்தல் தகும். கேட்பவர் பலராயின் பட்டறையும் மாறும்.

மாசி பிறந்ததும் கருவிகளை வெளியில் எடுத்துக் கழுவி, துருவேறிய இடங்களைக் குறித்து வைத்துக்கொள்க. கேள்விகளுக்கு நல்விடை தரும் பட்டறையைத் தேடித் தேர்ந்து, பங்குனிக்குள் வேலையை முடித்துக்கொள்க. சாரல் வருகையில் இரும்பும் காக்கப்பட்டிருக்கும். அதனைத் துலக்கிய தொழிலாளியும் அடுத்த ஆண்டு வேலைக்கு நலமாக வருவான்.